படுகாயமுற்ற படைவீரர் மீண்டும் வேலைக்குத் திரும்ப: வீரருக்கும் வீட்டாருக்கும் ஒரு வழிகாட்டி

எல்லைப் பணியிலோ பயிற்சிக் களத்திலோ படுகாயமுற்று, இராணுவ மருத்துவமனையில் மாதக்கணக்கில் கிடந்து ஊர் திரும்பும் சிப்பாயைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள்: "பென்ஷன்தான் வருதே தம்பி, இனிமே எதுக்கு வேலை, நிம்மதியா வீட்டுல இரு." அன்பினால் சொல்லப்படும் இந்த வார்த்தையை நம்பி ஐந்தாறு ஆண்டுகள் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டு, பிறகு வேலை தேடத் தொடங்கிய சிலருடன் நான் அலுவலகம் அலுவலகமாகச் சென்றிருக்கிறேன். அதற்குள் கைவசம் இருந்த தொழில் மறந்திருக்கும். சான்றிதழ்கள் எங்கே என்று தெரியாது. தன்னால் முடியும் என்ற எண்ணமும் தேய்ந்துபோயிருக்கும். எனவே காயத்தின் முதல் ஆண்டிலேயே என்னென்ன செய்ய வேண்டும் என்பதை, தமிழ்நாட்டைச் சேர்ந்த வீரர்களையும் அவர்களது வீட்டாரையும் மனத்தில் கொண்டு இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். காயத்துக்குப் பின் எஞ்சியிருக்கும் திறனை அறிந்து, தேவையான பயிற்சியும் கருவியும் கொடுத்து, ஒருவரை வேலைக்குத் தகுதியாக்குவது தொழில்சார் மறுவாழ்வு. பயிற்சி முடியட்டும், உடல் முழுவதும் தேறட்டும் என்று காத்திராமல், ஒருவரை அவர் விரும்பும் உண்மையான வேலையிலேயே அமர்த்தி, அந்த இடத்திலேயே ஒரு துணையாளர் உடனிருந்து பழக்கி, வேலை நிலைக்கும்வரை விலகாமல் இருப்பது துணையுடன் கூடிய வேலைவாய்ப்பு. தண்டுவடக் காயமுற்ற அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் இந்த இரண்டாவது முறையைச் சோதித்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான உதவி மட்டும் பெற்றவர்களைவிட இம்முறையில் உதவி பெற்றவர்கள் வேலையில் சேரும் வாய்ப்பு ஏறத்தாழ 2.5 மடங்காக இருந்தது. வேலைக்கான ஆலோசகர் மருத்துவக் குழுவுக்குள்ளேயே ஒருவராக இருந்தது அம்முறையின் முக்கியமான கூறு. நம் நாட்டில் இவ்வளவையும் ஒரே கூரையின் கீழ் ஒருவர் செய்து கொடுப்பதில்லை. மருத்துவம் ஓரிடம், பயிற்சி ஓரிடம், வேலைவாய்ப்பு வேறோர் இடம் என்று சிதறிக் கிடப்பவற்றை நாமேதான் கோத்துக்கொள்ள வேண்டும்.

படையை விட்டு வெளியேறும் முன்

பலர் அறியாத செய்தி, படுகாயமுற்ற ஒவ்வொருவரும் வெளியேற்றப்பட்டே ஆக வேண்டும் என்பதில்லை. உடல்தகுதியைக் குறிக்கும் மருத்துவ வகைப்பாடு குறைக்கப்பட்ட நிலையிலும், அவருக்குத் தகுந்த இலகுவான பொறுப்பு படைப்பிரிவில் இருந்தால், பணியில் தொடர வாய்ப்புண்டு. 1971 போரில் கண்ணிவெடியில் சிக்கிய காலைத் தன் கூர்க்கா கத்தியாலேயே வெட்டிக்கொண்ட இயன் கார்டோசோ, செயற்கைக் காலுடன் பின்னர் ஒரு காலாட்படைப் பட்டாலியனுக்கும் பிரிகேடுக்கும் தலைமை ஏற்றார். ஓய்வுக்குப் பின் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் தலைவராகவும் இருந்தார். எல்லாருக்கும் அது வாய்க்காது. ஆனால் உடல்தகுதியை முடிவு செய்யும் மருத்துவர் குழுவான மருத்துவ வாரியத்தின் முன் கையெழுத்திடுவதற்கு முன்பு, "எனக்கு ஏற்ற பணி எதுவும் யூனிட்டில் இருக்கிறதா?" என்று எழுத்து மூலம் கேட்டுவிடுவது நல்லது. கேட்காமல் வெளியே வந்தபின் திரும்பிச் செல்ல வழி அநேகமாக இல்லை.

வெளியேறுவதுதான் முடிவு என்றால், மருத்துவ வாரியத்தின் அறிக்கையில் உங்கள் காயம் எப்படி எழுதப்படுகிறது என்பதில் முழுக் கவனம் செலுத்துங்கள். காயம் இராணுவப் பணியினால் ஏற்பட்டதா அல்லது பணியால் தீவிரமடைந்ததா, அது போர்க்காயமா, பணியின்போது நேர்ந்த விபத்தா என்ற ஒவ்வொரு சொல்லும் ஓய்வூதியத்தை மட்டுமல்லாமல், பின்னாளில் எந்த இட ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கலாம் என்பதையும் தீர்மானிக்கிறது. உடல்தகுதியின்மையால் விடுவிக்கப்படுகிறவர்களுக்கு உடற்குறைபாட்டின் விழுக்காடு 50-க்குக் கீழ் இருந்தால் 50 என்றும், 50 முதல் 75 வரை இருந்தால் 75 என்றும், அதற்கு மேல் இருந்தால் 100 என்றும் உயர்த்திக் கணக்கிடும் முறை இருப்பதால், ஒரு சிறு எண் வேறுபாடுகூடப் பெரிய தொகையாக மாறும். தவறாக எழுதப்பட்டிருந்தால் மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு உண்டு. அதிலும் தீராவிட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வை அணுகலாம்.

வேலையில் சேர்ந்தால் ஓய்வூதியம் நின்றுவிடும் என்ற அச்சம் கிராமங்களில் பரவலாக இருக்கிறது. தனியார் நிறுவனத்தில் சம்பளம் வாங்குவதனால் உடற்குறைபாட்டு ஓய்வூதியம் நிறுத்தப்படுவதில்லை. இந்த ஒன்றைத் தெளிவாக்கிய பிறகே பல வீடுகளில் வேலை என்ற பேச்சையே எடுக்க முடிந்திருக்கிறது.

காகிதங்கள்

டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, மருத்துவ வாரிய நடவடிக்கைகளின் நகல், காயம் நேர்ந்தது குறித்த விசாரணை அறிக்கை, படையில் பெற்ற தொழிற்பயிற்சிச் சான்றுகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்து, மூன்று நகல்கள் எடுத்துக்கொள்ளுங்கள். விசாரணை அறிக்கையின் நகல் பலரிடம் இருப்பதில்லை. அதை உங்கள் படைப்பிரிவின் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதிக் கேட்டு வாங்க வேண்டும். பிறகு உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு செய்து அடையாள அட்டையும், முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈ.சி.எச்.எஸ். அட்டையும் பெறுங்கள்.

இங்கே மிகப் பலர் தவறவிடும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இராணுவ மருத்துவ வாரியம் கொடுத்த விழுக்காடு ஒன்று. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையில், அதாவது யு.டி.ஐ.டி. அட்டையில், அரசு மருத்துவமனைக் குழு குறிக்கும் விழுக்காடு வேறு. முன்னதை வைத்துக்கொண்டு மாற்றுத்திறனாளிகளுக்கான இட ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்க முடியாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணியிடங்களில் 4 விழுக்காட்டை, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு ஒதுக்குகிறது. ஆகவே இராணுவச் சான்று கையில் இருந்தாலும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் வழியாக யு.டி.ஐ.டி. அட்டையையும் தவறாமல் பெற்றுவிடுங்கள். இரண்டும் இருந்தால் இரண்டு கதவுகள் திறந்திருக்கும்.

உடலை வேலைக் கண்ணோடு பார்ப்பது

மருத்துவர் "தேறிவிட்டார்" என்று சொல்வதற்கும், ஒருவர் எட்டு மணி நேரம் ஒரு மேசையின் முன் அமர்ந்து பணி செய்வதற்கும் இடையே நீண்ட தூரம் இருக்கிறது. வேலை போனதற்கு அறிவுக்குறைவோ முயற்சிக்குறைவோ காரணமாக இருந்ததை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். சிறுநீர்ப் பை, படுக்கைப் புண், செயற்கைக் காலின் உரசல் போன்ற, யாரும் வாய்விட்டுப் பேசாத காரணங்களே அடிக்கடி குறுக்கே நிற்கின்றன. அதனால் இந்தப் பகுதியைக் கூச்சமின்றிப் படியுங்கள்.

தண்டுவடக் காயமுற்றவர் சக்கர நாற்காலியில் 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒரு முறை உடலை முன்னோ பக்கவாட்டிலோ சாய்த்து, பிட்டத்தின் மீதுள்ள அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். உணர்ச்சி இல்லாத இடத்தில் புண் வருவது தெரியாது. வந்துவிட்டால் ஆறு மாதம் குப்புறப் படுக்க நேரிடலாம், வேலையும் போய்விடும். சாதாரணப் பஞ்சுத் திண்டு போதாது. அழுத்தம் குறைக்கும் இருக்கைத் திண்டு தேவை. குழாய் செருகிச் சிறுநீர் கழிப்பவர்கள் பொதுவாக 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை அதைச் செய்ய வேண்டியிருப்பதால், சம்பளத்தை விசாரிப்பதற்கு முன்பு அலுவலகத்தின் கழிப்பறையை விசாரியுங்கள். கதவு 90 சென்டிமீட்டர் அகலமாவது இருக்க வேண்டும். உள்ளே நாற்காலியைத் திருப்ப 150 சென்டிமீட்டர் விட்டமுள்ள இடம் வேண்டும். சாய்தளம் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் அமைய வேண்டும். மார்பு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு, சிறுநீர் தேங்கினாலோ எங்காவது இறுக்கினாலோ இரத்த அழுத்தம் திடீரென்று ஏறித் தலை வெடிப்பதுபோல் வலிக்கும். அது உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதையும், உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, காரணத்தை நீக்கி, மருத்துவரை அழைக்க வேண்டும் என்பதையும் பக்கத்து மேசைக்காரர் ஒருவராவது அறிந்திருக்க வேண்டும். அவர்களுக்கு வியர்ப்பதும் குறைவதால், சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் வேலை என்றால் மறுத்துவிடுவதே சரி.

கால் இழந்தவர்களுக்கு, எஞ்சிய காலின் சுற்றளவு காலைக்கும் மாலைக்கும் மாறும். முதல் ஓராண்டில் அது இன்னும் அதிகமாகச் சுருங்கும். எனவே முதல் செயற்கைக் கால் பொருந்திய உடனே நின்றுகொண்டு செய்யும் வேலையை ஏற்பது பெரும்பாலும் புண்ணில்தான் முடிகிறது. 1944-இல் தொடங்கப்பட்ட புனே செயற்கை உறுப்பு மையம் படைவீரர்களுக்காக இயங்குகிறது. அங்கே செல்லும்போது, "நான் நாளெல்லாம் அமர்ந்து எழுதப் போகிறேன்" அல்லது "படிக்கட்டுகள் ஏறி இறங்கும் வேலை" என்று உங்கள் வேலையைச் சொல்லிக் கேளுங்கள். வேலைக்கு ஏற்ற உறுப்பைத் தேர்வதற்கு அது உதவும்.

குண்டுவெடிப்பில் தலையில் அடிபட்டவர் வெளிப் பார்வைக்கு நலமாகவே தெரிவார். இதனாலேயே அவர் அதிகமாகத் திட்டு வாங்குகிறார். மறதி, சீக்கிரம் களைத்துப்போவது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் குழம்புவது ஆகியவை சோம்பல் அல்ல, காயம். கட்டளைகளை எழுதிக் கொடுப்பது, பிற்பகலில் இலகுவான வேலை, கைப்பேசி நினைவூட்டல் ஆகியவை பெருமளவு உதவும். பட்டாசுச் சத்தத்திலும் இருட்டிலும் பதறுகிறவர்களுக்கு இரவுக் காவல் வேலை வாங்கிக் கொடுப்பது உதவியே அல்ல. அவர்களுக்கு மனநல மருத்துவமும் வேலையும் ஒருசேர நடக்க வேண்டும்; ஒன்று முடிந்துதான் மற்றொன்று என்று நிறுத்தி வைக்க வேண்டாம்.

பயிற்சி எங்கே

புனே அருகே கிர்க்கியில் உள்ள குயின் மேரிஸ் டெக்னிக்கல் இன்ஸ்டிடியூட், முதல் உலகப் போரில் ஊனமுற்ற சிப்பாய்களுக்காக 1917-இல் தொடங்கப்பட்டது. இன்றளவும் காயமுற்ற வீரர்களுக்குத் தொழிற்பயிற்சி அளிக்கிறது. அதே கிர்க்கியில் 1974 முதல் இயங்கும் பாராப்லெஜிக் மறுவாழ்வு மையத்திலும், மொஹாலியில் உள்ள அதைப் போன்ற மையத்திலும், தண்டுவடம் பாதிக்கப்பட்ட முன்னாள் வீரர்கள் தங்கி வாழ்கிறார்கள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத நிலையில் இவை பெரும் புகலிடம். சேர வேண்டுமா என்று முடிவு செய்யும் முன் ஒரு முறை நேரில் சென்று, உங்களைப் போலவே காயமுற்ற ஒருவர் காலையில் எழுந்தது முதல் எப்படி நாளைக் கழிக்கிறார் என்று பார்த்துவிட்டு வாருங்கள். அந்த ஒரு நாள் தரும் தெளிவை எந்த ஆலோசகராலும் தர முடியாது.

ஊருக்கு அருகிலேயே பயிற்சி வேண்டும் என்றால், சென்னை கிண்டியில் மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையம் இருக்கிறது. அங்கே எஞ்சிய திறனைச் சோதித்து, எந்தத் தொழில் பொருந்தும் என்று மதிப்பிட்டுச் சொல்கிறார்கள். தெற்கே இருப்பவர்களுக்குத் தென்காசி அருகே ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கம் அருகில் இருக்கிறது. 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது கழுத்தில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமைப்பு அது. தமக்குச் சிகிச்சை அளித்த விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே அவர் அதற்குச் சூட்டினார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையமும் தண்டுவடக் காயத்தில் நீண்ட அனுபவம் உடையது.

பயிற்சியைத் தேர்ந்தெடுக்கும்போது, படையில் நீங்கள் ஏற்கெனவே செய்த வேலையிலிருந்தே தொடங்குங்கள். சிக்னல் பிரிவில் இருந்தவருக்குக் கட்டுப்பாட்டு அறைப் பணி இயல்பாக வரும். வாகனப் பழுது பார்த்தவர் கையால் ஸ்பேனர் பிடிக்க முடியாவிட்டாலும், சர்வீஸ் நிலையத்தில் பழுதைக் கேட்டறிந்து மதிப்பீடு போடும் இடத்துக்கு அவரைவிடத் தகுந்தவர் கிடைப்பது கடினம். சரக்குப் பிரிவில் இருந்தவர் கிடங்கு இருப்புக் கணக்கை எளிதில் ஏற்பார். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையில் பாலம் கட்டியவருக்குக் கட்டட அளவுகளும் மதிப்பீடுகளும் அத்துப்படி. முன்னாள் படைவீரர் என்றாலே செக்யூரிட்டி வேலைதான் என்று முடிவுகட்டிவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் வாசலில் நிற்கும் அந்த வேலை, படுகாயமுற்றவருக்கு மிகவும் பொருந்தாத வேலை என்பது என் உறுதியான கருத்து.

இட ஒதுக்கீடும், வீட்டில் எழும் ஒரு கேள்வியும்

மத்திய அரசின் குரூப் சி, அதாவது எழுத்தர், உதவியாளர் போன்ற நிலையிலான பணியிடங்களில் முன்னாள் படைவீரர்களுக்கு 10 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. பொதுத்துறை நிறுவனங்களிலும் அரசு வங்கிகளிலும் அது 14.5 விழுக்காடு, இதில் 4.5 விழுக்காடு, ஊனமுற்ற முன்னாள் படைவீரர்களுக்கும் போரில் உயிரிழந்தவர்களின் சார்ந்தோருக்கும் உரியது. வயதைக் கணக்கிடும்போது உங்கள் வயதிலிருந்து படைப்பணிக் காலத்தைக் கழித்து, வருவது அந்தப் பணியின் வயது வரம்பை மூன்று ஆண்டுகளுக்கு மேல் தாண்டாமல் இருந்தால் போதும். பதினைந்து ஆண்டுப் பணி முடித்த பத்தாம் வகுப்புத் தேர்ச்சியாளரைச் சில பணிகளுக்குப் பட்டதாரிக்கு இணையாகக் கருதுவார்கள். ஆனால் ஆறாம் ஆண்டிலோ எட்டாம் ஆண்டிலோ காயமுற்று வெளியேறியவருக்கு அது பயன்படாது. ஆகவே அவர் முதல் ஆண்டிலேயே இக்னோவிலோ தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ பட்டப்படிப்பில் சேர்ந்துவிடுவது நல்லது.

பாதிக்கு மேல் ஊனமுற்று வேலை செய்ய இயலாத நிலைக்கு ஆளான வீரரின் குடும்பத்தாருக்கு வேலைவாய்ப்பில் முன்னுரிமை தரும் விதியும் இருக்கிறது. இந்த விதி தெரிந்தவுடன் வீட்டில் எழும் கேள்வி, "நீ எதுக்குச் சிரமப்படணும், உன் தம்பிக்கு வாங்கிடலாமே" என்பது. சில குடும்பங்களுக்கு அதுவே சரியான முடிவாக இருக்கும். ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியவர் காயமுற்றவரே. அதுவும் மருத்துவமனையிலிருந்து வந்த முதல் மாதத்தில் அல்ல. "என்னால் வேலை செய்ய இயலாது" என்று ஒரு முறை எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு அந்தக் காகிதத்தோடு அவர் வாழ்நாள் முழுவதும் வாதிட வேண்டியிருக்கும். குறைந்தது ஓராண்டு தள்ளி வையுங்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

நான்காண்டுப் பணிக்கு அக்னிவீரராகச் சேர்ந்து காயமுற்றவர்களுக்கு நிலைமை வேறு. பணியினால் ஏற்பட்ட ஊனத்துக்கு 100, 75, 50 விழுக்காடு என்ற படிகளில் 44, 25, 15 லட்சம் ரூபாய் ஒருமுறைத் தொகையாக அறிவிக்கப்பட்டிருக்கிறது, ஓய்வூதியம் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் வழியே அவர்களுக்கு முதன்மையான வழி, யு.டி.ஐ.டி. அட்டையை அவர்கள் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

சொந்தத் தொழில்

தமிழ்நாடு அரசின் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில், முன்னாள் படைவீரர்கள் தொழில் தொடங்க 1 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 30 விழுக்காடு மூலதன மானியமும் 3 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. பெட்ரோல் நிலையம், எரிவாயு முகமை ஆகியவற்றில் பாதுகாப்புப் படைப் பிரிவினருக்கான ஒதுக்கீட்டுக்கு, புதுதில்லியில் உள்ள மறுவாழ்வுத் தலைமை இயக்ககத்தின் தகுதிச் சான்று தேவை. இங்கே ஓர் எச்சரிக்கை. ஒதுக்கீடு கிடைத்த செய்தி வெளியானதும், "பணம் நான் போடுகிறேன், உங்கள் பெயர் மட்டும் போதும்" என்று சிலர் வீடு தேடி வருவார்கள். கையெழுத்திட்டால் தொழில் அவருடையது, கடனும் வழக்கும் உங்களுடையவை. அப்படி ஒரு வீட்டில் எல்லாமே போனதைக் கண்ணால் பார்த்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வேலையில் அமர்ந்தபின்

பணி நியமன ஆணை கைக்கு வந்ததும் எல்லாரும் விடைபெற்றுக்கொள்கிறார்கள்; உண்மையில் துணை தேவைப்படுவது அதன் பிறகுதான். 1965 போரில் குண்டுக் காயங்களால் செயலிழந்து, 1972-இல் ஹைடல்பர்க்கில் நடந்த பாராலிம்பிக் நீச்சலில் இந்தியாவின் முதல் தங்கத்தை வென்ற முரளிகாந்த் பெட்கர், புனேயின் டெல்கோ (இன்றைய டாடா மோட்டார்ஸ்) நிறுவனத்தில் பணியாற்றினார். அத்தகையவருக்கும் பதக்கம் ஒரு நாள், வேலை நாள்தோறும்.

சேர்வதற்கு முன்பே துணையாளர் ஒருவரை முடிவு செய்யுங்கள். தொண்டு நிறுவனப் பணியாளராகவோ, செயல்முறைச் சிகிச்சையாளராகவோ (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்), ஓய்வுபெற்ற சுபேதாராகவோ அவர் இருக்கலாம். மனைவியோ அண்ணனோ வேண்டாம். வீட்டார் உடன் வந்தால் சக ஊழியர்கள் அவர்களிடம்தான் பேசுவார்கள், வீரரிடம் பேச மாட்டார்கள். துணையாளர் முதலில் தனியாகச் சென்று, அந்த வேலையைச் சிறு சிறு செயல்களாகப் பிரித்து எழுத வேண்டும்: கோப்பு எந்த உயரத்தில் இருக்கிறது, கணினியை எந்தக் கையால் இயக்க வேண்டும், மதிய உணவுக்கு எவ்வளவு தூரம், மின்தூக்கி நின்றுவிட்டால் என்ன செய்வது. இயலாத செயல்கள் இரண்டு மூன்று இருந்தால், அவற்றை வேறொருவருக்கு மாற்றி, அவருடைய வேலையில் இரண்டை இவர் ஏற்றுக்கொள்ளுமாறு மேலாளரிடம் பேசலாம். தகுந்த வசதிகளைச் செய்து தருவது அரசு நிறுவனங்களுக்குச் சட்டப்படி கடமை. தனியாரிடம் உரிமை என்று தொடங்குவதைவிட, மேசையை எவ்வளவு உயர்த்த வேண்டும், அதற்கு என்ன செலவாகும் என்று கணக்கோடு சென்றால் பேச்சு விரைவில் முடிகிறது.

முதல் இரண்டு வாரங்கள் துணையாளர் நாள்தோறும் உடனிருக்கலாம். பிறகு வாரம் இரு முறை, பின்னர் மாதம் ஒரு முறை என்று மெல்ல விலக வேண்டும். முழு நாள் வேலையை முதல் நாளே ஏற்காமல், நான்கு மணி நேரத்தில் தொடங்குவது பெரும்பாலோருக்கு ஏற்றது. மூன்றாம் மாதத்தை ஒட்டிக் கவனமாக இருங்கள். தொடக்க உற்சாகம் வடிந்து, பயணக் களைப்பும் பழைய வலியும் தலைதூக்கும் காலம் அது. பலர் யாரிடமும் சொல்லாமல் நின்றுவிடுவது அப்போதுதான். மருத்துவமனையில் மீண்டும் சேர நேர்ந்தால், அன்றே துணையாளர் மேலாளரிடம் பேசி, விடுப்பு எத்தனை நாள், திரும்பி வரும்போது எந்த வேலை என்பதை எழுதி வாங்கிவிட வேண்டும். நாற்காலியோ, செயற்கைக் காலில் எஞ்சிய கால் பொருந்தும் குழிவோ மாற்றப்படும் ஒவ்வொரு முறையும் மேசையின் உயரத்தையும் கழிப்பறைக் கைப்பிடியையும் புதிதாக அளந்து பாருங்கள். இரண்டு அங்குல வேறுபாடு போதும், புண் வருவதற்கு.